பானிகோராவிலிருந்து வந்த 228 பேல்: பெனின் பஞ்சை ஓட்டிப் பார்த்த அனுபவம்

பஞ்சு வாங்கும் நண்பர்கள் பலர் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்வி ஒன்றுதான்: மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுப் பஞ்சு எப்படி இருக்கிறது, வாங்கலாமா? வாங்கலாம். 40ஆம் நம்பர் நூல் வரைக்கும் நம்பி வாங்கலாம். ஆனால் எந்த மாதம் பறித்தது, எந்த மாதம் ஜின்னிங் (விதை பிரிப்பு) ஆனது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. கேட்காமல் வாங்கிவிட்டு ஆடி மாதத்தில் ஒன்பது நாள், பஞ்சை இழுத்துச் சீராக்கும் டிராயிங் மெஷினோடு போராடினோம். அந்த ஒன்பது நாளையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் உள்ள ஒரு நூற்பு மில்லில் பஞ்சு செலக்டராக இருக்கிறேன். 31 வருஷம் ஆகிறது. குஜராத் சங்கர்-6, தெலங்கானா, மகாராஷ்டிரா, ஒடிசா என்று எந்தப் பஞ்சும் எனக்குக் கைப்பழக்கம். தமிழ்நாட்டில் விளையும் பஞ்சு இங்குள்ள மில்களின் தேவையில் மிகச் சிறு பங்குதான். மீதி முழுவதும் வெளியிலிருந்து லாரியிலோ கப்பலிலோ வரவேண்டும். மற்ற மில்களில் ஆப்பிரிக்கப் பஞ்சு பல வருஷமாக ஓடுகிறது. எங்கள் முதலாளி இந்த வருஷம்தான் துணிந்தார். தூத்துக்குடி வழியாக இரண்டு கன்டெய்னர், 228 பேல் (அழுத்திக் கட்டிய பஞ்சு மூட்டை), சுமார் 50 டன். நம் கணக்கில் 142 கண்டி (ஒரு கண்டி ஏறத்தாழ 356 கிலோ).

பேல் உருவமே நம்முடையதைவிடப் பெரியது. நம் ஊர் பேல் 170 கிலோ. இது ஒவ்வொன்றும் 220 கிலோவைத் தாண்டியது. நம் ஆட்கள் முதல் நாள் பழக்கத்தில் இரண்டு பேராகப் புரட்டப் போய் முடியாமல், மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்கள். மேலே சுற்றியிருந்தது பருத்தித் துணி. பிளாஸ்டிக் சாக்கு இல்லை என்பதைப் பார்த்ததுமே மனதுக்கு ஒரு நிம்மதி. கம்பியை வெட்டியதும் பஞ்சு மெதுவாக மூச்சு விடுவது போல உப்பி எழுந்தது. வெண்மையில் ஒரு மெல்லிய பாலாடை நிறம். சங்கர்-6 பளிச்சென்று இருக்கும். இது அந்த அளவு பளிச்சிடவில்லை. ஆனால் ஒரு பேலுக்கும் அடுத்த பேலுக்கும் நிறம் மாறவே இல்லை. சாயப்பட்டறைக்கு நூல் கொடுப்பவர்களுக்கு இந்த ஒன்று எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

மெஷின் ரிப்போர்ட் எது வந்தாலும் நான் கையால் இழுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுக்க வேண்டும். பிரிந்ததை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மறுபடி இழுக்க வேண்டும். ஐந்தாறு முறை இழுத்தால் குட்டை நாரெல்லாம் உதிர்ந்து, விரல் நுனியில் சீப்புப் பல் போல ஒரு கற்றை நிற்கும். அதைக் கறுப்புத் துணியின்மேல் படுக்கவைத்து அளப்பேன். இந்தப் பஞ்சு 28 மில்லிமீட்டரைத் தாண்டியும் ஓரம் கலையாமல் நேராக நின்றது. கற்றையை இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து அறுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வந்தது. பிறகு வந்த ரிப்போர்ட்டும் ஒத்துப்போனது: நீளம் 28.7, வலு 29.5, மைக் (நாரின் பருமன்) 4.1, தூசு 2 சதவீதத்தை ஒட்டி. குறை என்றால் குட்டை நார் நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம், நெப்ஸும் (சிறு நார் முடிச்சுகள்) அதிகம். அதற்கு இரண்டு காரணங்கள். அங்கே ரம்ப ஜின். நம் ஊர்போல ரோலர் ஜின் இல்லை. ரம்பப் பல் வேகமாக இழுக்கும். இன்னொன்று, அங்கே ஜின்னிங் நடக்கும் மாதங்களில் சஹாரா பக்கமிருந்து ஹர்மத்தான் என்ற வறண்ட காற்று வீசும். ஈரமே இல்லாத பஞ்சை ரம்பத்தில் விட்டால் நார் முறியத்தான் செய்யும்.

இந்தக் காற்றைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தங்கை மகன் அங்கே இருக்கிறான். பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு இங்கே இரண்டு மில்லில் பிட்டராக (மெஷின் பழுது பார்ப்பவன்) இருந்தவன். இப்போது பெனின் நாட்டில், கோட்டோனூ நகரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் உள்ள குளோ-ஜிக்பே தொழில் மண்டலத்தில் ஒரு நூற்பு ஆலையில் வேலை. போன ஜனவரியில் பஞ்சு பார்க்கும் குழுவோடு வடக்கே பானிகோராவுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தான். எங்கள் பேல்களில் இருந்த ஜின்னரி எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பியபோது, "மாமா, இது பானிகோராவில் ஜின்னிங் ஆனது, நான் பார்த்த ஊர்" என்றான். அன்று இரவு ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஏஜென்டிடம் ஆறு வாரம் கேட்டும் கிடைக்காத விவரம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது.

பானிகோரா பெனினின் வடகோடியில், அலிபோரி மாவட்டத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கோட்டோனூவிலிருந்து பராக்கூ, அங்கிருந்து காண்டி, காண்டியிலிருந்து மேற்கே திரும்ப வேண்டும். 2013 கணக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். நிலப்பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆனால் அதில் ஏறத்தாழ பாதி காடு. டபிள்யூ தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய வேட்டை வனமும். நைஜர் ஆறு அந்த இடத்தில் ஆங்கில 'டபிள்யூ' எழுத்துப்போல வளைவதால் பூங்காவுக்கு அந்தப் பெயர். யானை இருக்கும் காடு. பெனின் பக்கத்துக் காட்டையும் 2017ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பருத்தி வயல் விரிவதும் காடு சுருங்குவதும் அங்கே ஒரே பேச்சில் வருகிறது. இப்போது அதோடு இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. புர்கினா பாசோ, நைஜர் பக்கமிருந்து ஆயுதக் குழுக்கள் அந்தக் காட்டுக்குள் வந்துவிட்டன. 2022 பிப்ரவரியில் பூங்காக் காவலர்களையே தாக்கிக் கொன்றார்கள். என் மருமகன் போன வண்டியில் மாலை 5 மணிக்கு மேல் சாலையில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அவன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்ணைப் பற்றிக் கேட்டேன். செம்மண்தான், நம் பல்லடத்துச் செம்மண் மாதிரியே இருக்கிறது, ஆனால் கிணறு என்று ஒன்றைப் பருத்திக் காட்டில் பார்க்கவே இல்லை என்றான். எல்லாம் மானாவாரி. மே முதல் அக்டோபர் வரை ஒரே மழைக்காலம். ஜூனில் விதைப்பு, அக்டோபர் கடைசியிலிருந்து பறிப்பு. நம் பக்கத்தில் வருஷ மழை 600 மில்லிமீட்டரைத் தொட்டாலே சந்தோஷப்படுவோம். அங்கே அதைவிட நன்றாகவே பெய்கிறது. ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் ஒரு சொட்டு விழாது. இந்த ஒரு விஷயத்தைப் பஞ்சு வாங்குகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

உழவுக்கு மாடு. டிராக்டர் வந்திருந்தாலும் பெரும்பாலான காட்டில் இன்னும் இரண்டு மாட்டு ஏர்தான். கலப்பையோடு மாடு பூட்டிய போட்டோ அனுப்பினான். காங்கேயத்து மாட்டின் கம்பீரம் இல்லை. சின்ன மாடு, ஆனால் நல்ல வேலைக்காரக் கால்கள். உழுகிறவர்கள் பெரும்பாலும் பாரிபா மக்கள். தங்களைப் பாத்தோனு என்று சொல்லிக்கொள்வார்கள். பருத்தி ஒரு வருஷம், அடுத்த வருஷம் மக்காச்சோளம் அல்லது சோளம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பருத்திக்குக் கடனில் வரும் உரத்தில் மிச்சம் மண்ணில் நின்று மக்காச்சோளத்துக்கும் உதவுகிறது. விலை சரியில்லாத வருஷத்திலும் பருத்தியை விடாமல் போடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மாடு வளர்ப்பது ஃபுலானி மக்கள். அறுவடை முடிந்த காட்டில் அவர்கள் மந்தை மேயும், எரு விழும். மேய்ச்சல் பாதையை உழவர் அடைத்தால் சண்டை வரும். நம் பக்கம் கொறங்காட்டில் முள்வேலி கட்டி மேய்ச்சல் நிலத்தைத் தனியாக வைத்திருக்கிறோம். அங்கே அந்த ஏற்பாடு இல்லாததால் வருஷா வருஷம் பஞ்சாயத்து. ஃபுலானிப் பெண்கள் சந்தையில் ஒரு பால்கட்டி விற்கிறார்கள், பெயர் வாகாஷி. பாலைத் திரிக்க எதை ஊற்றுகிறார்கள் தெரியுமா? எருக்கம் இலையை இடித்து எடுத்த சாறு. நம் ஊரில் ஆடுகூடக் கடிக்காத எருக்கு! சோளத் தட்டையின் உறையை வேகவைத்து அந்தச் சிவப்பில் கட்டியை நனைத்து எடுப்பார்களாம். எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள், நம் பனீரைவிட இறுக்கமாக நிற்கிறது, வாயில் கரையவே இல்லை என்றான். அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பானிகோராவைப் பற்றிப் பேசினால் பஞ்சுக்கு முன் வாகாஷிதான் வருகிறது.

இனிப் பணம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பஞ்சின் குணமும் குறையும் புரியாது.

பெனின் முழுவதும் விதைப்பருத்திக்கு (விதை பிரிக்காத பருத்தி) ஒரே விலை. சீசனுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். ஜின்னரி வாசலில் இருக்கும் உழவனுக்கும் 60 கிலோமீட்டர் உள்ளே இருப்பவனுக்கும் அதே விலை. முதல் தரத்துக்குக் கிலோ 265 பிராங்காக (பிராங்க் அந்த ஊர்ப் பணம்) இருந்ததை 2022-23ல் 300 பிராங்காக்கினார்கள். நம் பணத்தில் 40 ரூபாய்க்குச் சற்று மேல். 2023-24ல் நம் மத்திய அரசு நீள இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,020 ரூபாய் ஆதார விலை வைத்தது, அதாவது கிலோ 70 ரூபாய். நம் உழவனுக்கே கட்டவில்லை என்று சொல்கிறோம். அங்கே அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. எக்டேருக்கு ஒரு டன்னும் கொஞ்சமும் விளைந்தால் நல்ல விளைச்சல். 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால் எக்டேருக்கு 45,000 ரூபாய், ஏக்கருக்கு 18,000. அதிலிருந்து உரத்துக்கும் மருந்துக்கும் கடனைக் கழிப்பார்கள். கடன் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக வரும், பருத்தி எடை போட்ட பிறகு பிடித்துக்கொள்வார்கள். சங்கத்தில் ஒருவன் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் பங்கில் அது விழும் என்ற கூட்டுப் பொறுப்பு நெடுங்காலம் நடப்பில் இருந்தது.

என் அப்பா எம்.சி.யு.5 ரகப் பருத்தி போட்டவர். அதற்கு முன் என் அப்புச்சி கம்போடியாப் பருத்தி. கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கி, பருத்தி போட்டு, கழிவு போக மீதியை வாங்கித் துண்டில் முடிந்து வருவார்கள். அப்பா அந்தத் துண்டை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டி எண்ணும்போது அம்மா பக்கத்தில் நின்று ஒன்றும் பேசமாட்டாள். மருமகன் அந்த ஊர்க் கணக்கைச் சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் கட்டில்தான் கண்முன் நின்றது.

மருந்துக் கதையும் அப்படியே. 1999 வாக்கில் வடக்கு பெனினில் பருத்திக்கு அடித்த எண்டோசல்பானால் பலர் செத்தார்கள். பருத்திக்கென்று வந்த மருந்து தானியத்துக்கும் போனது, காலி டப்பா வீட்டுச் சமையலுக்குப் போனது. அதே மருந்தை என் அப்பா மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அடித்தார். நம் நாட்டில் 2011ல்தான் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பஞ்சைத் தொடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பறித்த பருத்தி ஊர்ப் பொது இடத்தில் குவிக்கப்படும். வீட்டுக்கு வீடு கொண்டுவந்து, எடை போட்டு, ஒரே மலையாகக் குவிப்பார்கள். லாரி வரும்வரை அது திறந்த வெளியில் கிடக்கும். சில சமயம் வாரக் கணக்கில். மருமகன் போட்டோவில் இளைஞர்கள் லாரிக்குள் நின்று பருத்தியைக் காலால் மிதித்து அமுக்குகிறார்கள், தலை மட்டும் வெளியே தெரிகிறது. எல்லாம் கைப்பறிப்பு என்பதால் இலைத் தூள், காம்பு மிகக் குறைவு. எங்கள் மில்லில் பஞ்சு பொறுக்கும் அக்காமார் எட்டுப் பேர். நம் ஊர்ப் பஞ்சில் ஒரு ஷிப்டில் தலைமுடி, சாக்குத் துணுக்கு, வண்ண நூல், பீடித் துண்டு, கோழி இறகு என்று ஒரு கூடை சேரும். பெனின் பஞ்சில் கூடையின் அடி மட்டும் மறைந்தது. மூத்த அக்கா ஒருவர், "சாமி, இந்த மாதிரிப் பஞ்சு வந்தால் எங்களை வேலையை விட்டு அனுப்பிவிடுவீர்கள்" என்றார். அனுப்பமாட்டோம் அக்கா என்று சொல்லிவிட்டு, கூடையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரே ஒரு வகைதான்: நீல நிற பிளாஸ்டிக் இழை. விரல் நீளம், சில இடத்தில் தலைமுடியை விட மெல்லியது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். உர மூட்டைச் சாக்கு என்று உடனே சொன்னான். உரம் வந்த சாக்கைப் பிரித்துத்தான் பல வீடுகளில் பருத்தி கொண்டுவருகிறார்களாம். பருத்தித் துணிப்பை கொடுத்தால் போகிற விஷயம். ஒரு துணிப்பையின் விலை என்ன, அந்த நீல இழை நூலுக்குள் போய், துணியாகி, சாயத்தில் நிறம் ஏறாமல் ஒரு கோடாக நின்று, திருப்பூரில் ஒரு சரக்கு முழுவதும் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டம் என்ன? சுத்தமான பஞ்சுக்குத் தனி விலை என்று வாங்குகிறவன் கேட்டால், அந்த விலையில் ஒரு பங்கு ஊர்ச் சங்கத்துக்குப் போனால், பை தானாக வரும். நாம் யாரும் கேட்பதில்லை.

இப்போது அந்த ஒன்பது நாள். முதல் 60 பேலை நம் பஞ்சோடு பாதிக்குப் பாதி கலந்து விட்டேன். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் ஒரு தொல்லையும் இல்லை. பஞ்சைச் சீவும் கார்டிங்கில் வலை கண்ணாடி போல வந்தது. டிராயிங்கில் மூன்றாம் நாள் காலை, ஸ்லைவர் (நூலாகும் முன் வரும் பஞ்சுக் கயிறு) மேல் ரோலரில் சுற்ற ஆரம்பித்தது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் மாதம் வேறு. சுற்றியதை வெட்டி எடுத்து மெஷினை ஓடவிட்டால் இருபது நிமிஷத்தில் மறுபடி சுற்றும். ரோலரைத் தொட்டுப் பார்த்தேன். வெல்லம் உடைத்த கைபோல விரல் ஒட்டியது. அப்போதே தெரிந்துவிட்டது.

பருத்திக் காய் வெடித்து நிற்கும்போது அசுவினியும் வெள்ளை ஈயும் இலையில் உட்கார்ந்து, தேன் போன்ற ஒரு இனிப்பு நீரைக் கழிக்கும். அது விரிந்த பஞ்சின்மேல் சொட்டும். இடையில் ஒரு மழை பெய்தால் கழுவிப் போய்விடும். பானிகோராவில் நவம்பருக்குப் பிறகு மழையே இல்லை என்று சொன்னேனே, அதுதான். சீக்கிரம் பறித்த பஞ்சில் இந்த ஒட்டல் குறைவு. டிசம்பர் கடைசிக்கும் ஜனவரிக்கும் பறிக்காமல் செடியிலேயே நின்ற பஞ்சில் அதிகம். குடும்பத்து ஆட்கள் மட்டுமே பறிப்பதால் கடைசிச் சுற்று தள்ளிப்போய்விடுகிறது. நம் 228 பேலில் இரண்டு லாட் எண்கள் இருந்தன. ஒட்டிய 60 பேலும் ஒரே எண், பிந்திய லாட். அடுத்த எண்ணில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை.

ஏஜென்டிடம் ஒட்டல் சோதனை ரிப்போர்ட் கேட்டோம். அது கையில் இருந்தும் எங்களுக்கு அனுப்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வியாபாரத்தில் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. பெயர் எழுதவில்லை, ஆனால் யாரிடம் வாங்கினாலும் அந்த ரிப்போர்ட் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி செய்தது இப்படி. பேலைப் பிரித்து மிக்சிங் அறையில் முழுதாக ஒரு நாள் ஆறவிட்டோம். வறண்டு வந்த நாருக்கு நம் காற்றின் ஈரம் ஏறட்டும், ப்ளோ ரூமில் முறியாது என்று. கலக்கும் அளவை 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறக்கினேன். டிராயிங் பகுதியில் ஈரப்பதத்தை 58லிருந்து 50க்குக் கொண்டுவந்தோம். வேகத்தைக் குறைத்து, ஷிப்டுக்கு இரண்டு தடவை ரோலரை ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்தோம். பத்தாவது நாள் சுற்றல் நின்றது. ஒட்டாத லாட்டை 40 சதவீதம் வரை கலந்து 40ஆம் நம்பர் ஓட்டினேன். நூல் வலு நம் வழக்கமான கலவையைவிடக் கூடியது, அறுப்பு குறைந்தது. கழிவும் குறைந்தது, ரம்ப ஜின்னுக்கு நான் சொன்ன குறையெல்லாம் கார்டிங்கில் போய்விட்டது. குட்டை நாரைச் சீவி நீக்கும் கோம்பிங் இருப்பவர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

விலைக் கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். 100 கிலோ விதைப்பருத்தியில் நமக்குக் கிடைக்கும் பஞ்சு 34 கிலோவை ஒட்டி. மேற்கு ஆப்பிரிக்க ரகங்களில் 42 கிலோ வரை வரும். பல வருஷம் பொறுமையாக ரகம் பொறுக்கி எடுத்ததன் பலன் அது. இரண்டாவது, பின்தங்கிய நாடுகளின் சரக்குக்கு 2008ல் நம் அரசு அறிவித்த வரிச் சலுகையில் பருத்தியும் உண்டு, பெனின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2021ல் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தபோது இந்தச் சலுகையின் அருமை தெரிந்தது. பத்திரங்களைச் சரியாக வாங்குங்கள், எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்றிதழ் அசலாக இருக்க வேண்டும்.

ரகம் பொறுக்குவது என்றதும் புர்கினா பாசோ கதை நினைவுக்கு வருகிறது. பக்கத்து நாடு, அதே மாதிரி பருத்தி. 2008ல் பெரிய அளவில் பி.டி. பருத்திக்கு (மரபணு மாற்றிய, புழுவைத் தாங்கும் ரகம்) மாறினார்கள். புழு குறைந்தது, விளைச்சல் ஏறியது, ஆனால் நார் குட்டையாகிவிட்டது. உலகச் சந்தையில் அவர்கள் பஞ்சுக்கு இருந்த நல்ல பெயரே நீளத்தால்தான். 2016ல் அதைக் கைவிட்டுப் பழைய ரகத்துக்குத் திரும்பினார்கள். கோவையில் 1974ல் சுவின் என்ற உலகத்தர நீள இழைப் பருத்தியை உருவாக்கிய நாம், அதன் விதை இன்று எத்தனை ஏக்கரில் இருக்கிறது என்று தேடும் நிலையில் இருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை.

பெனினில் உற்பத்தி வேகமாக ஏறியிருக்கிறது. 2015-16ல் 3 லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த விதைப்பருத்தி 2021-22ல் 7.6 லட்சம் டன்னைத் தாண்டியது. 2016ல் ஜனாதிபதியான பத்ரீஸ் தலோன் பருத்தித் தொழிலில் பெரும் பணம் சம்பாதித்தவர். அந்தத் துறையை நன்கு அறிந்தவர். நாட்டிலேயே அதிகப் பருத்தி விளையும் ஊராட்சி பானிகோராதான். ஆனால் விளைந்ததில் பெரும்பகுதி பஞ்சாகவே கப்பலேறுகிறது. நூலாக்கி, துணியாக்கி, உடையாக்கி அனுப்ப வேண்டும் என்றுதான் என் மருமகன் வேலை செய்யும் தொழில் மண்டலத்தைத் தொடங்கினார்கள். சில நண்பர்கள் இதைக் கேட்டுக் கவலைப்படுகிறார்கள்: நாளை அவர்களே நூற்றால் நமக்குப் பஞ்சு ஏது என்று. அந்தக் கவலை எனக்குப் பிடிக்கவில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தபோது, நம் பருத்தியை நாமே நூற்போம் என்றுதான் நம் ஆட்கள் இறங்கினார்கள். பானிகோராவில் பருத்தி போடுகிறவனின் மகள் கோட்டோனூ பக்கத்தில் ஸ்பின்னிங்கில் நிற்கிறாள், அவளுக்கு பிட்டிங் சொல்லிக்கொடுப்பது நம் உடுமலைப் பையன். அவள் பெயரைக்கூட அவன் சொன்னான், நான் எழுதவில்லை. முடிச்சுப் போடுவதில் இங்குள்ள எந்தப் பெண்ணுக்கும் குறைந்தவள் இல்லை என்றான்.

யாருக்கு இந்தப் பஞ்சு ஏற்றது? 30, 40 நம்பர் பின்னலாடை நூல் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. நிறம் ஒரே சீராக வேண்டும் என்று சாயப்பட்டறை பிடிவாதம் பிடிக்கும் ஆர்டர்களுக்கு மிக நல்லது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பிளான்ட் இல்லாத சிறு மில்காரர்கள் ஆனி, ஆடி, ஐப்பசியில் இதைத் தொட வேண்டாம். மாசி, பங்குனியில் ஓட்டுங்கள். தடித்த நூல் ஓட்டும் ஓப்பன் எண்டு மில்லுக்கு இந்தத் தரம் தேவையே இல்லை, பணம் வீண்.

நம் முதலாளி அடுத்த முறைக்கு 400 பேல் என்று எழுதிவைத்திருந்தார். 250 போதும் என்று திருத்தியிருக்கிறேன். டிசம்பருக்குள் பறித்தது மட்டும், லாட் வாரியாக ஒட்டல் ரிப்போர்ட், துணிச் சுற்று, நீல இழை இல்லாமல் வந்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல், அது ஊர்ச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது. கடைசி வரியைப் பார்த்து முதலாளி, இதெல்லாம் நடக்குமா என்றார். மருமகன் கேட்டுச் சொல்வதாக இருக்கிறான். பானிகோராவில் விதைப்பு முடிந்துவிட்டது, முதல் களை எடுக்கிறார்கள் என்று நேற்று போன் செய்தான்.